பம்ப்பில் ஒரு சுத்து

"அண்ணாச்சி, பம்ப்புல ஒரு சுத்து குடுத்து டர்போவையும் கொஞ்சம் ஏத்தி விட்டம்னா, தோப்பூர் ஏத்தத்துல கியரே மாத்த வேண்டாம்." பட்டாசு ஊரான தாயில்பட்டிப் பக்கம் பழைய லாரி வைத்திருக்கிற யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஷெட்டில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், லோடுக்குக் காத்திருக்கிற டிரைவர் சொல்வார். கூடவே மூன்று சமாதானங்கள் வரும்: பழைய எஞ்சின் கெட்டி இரும்பு, எதையும் தாங்கும்; பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், கூடினால் இழுவை கூடும்; டீசலும் மிச்சமாகும். பூஸ்ட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மூன்றையும் நம்பித் தொடாதீர்கள் என்கிறேன்.

முதலில் இழுவை. இழுவையைத் தருவது டீசல். அது எரியக் காற்று வேண்டும், அந்தக் காற்றை அமுக்கி அனுப்புவதுதான் டர்போவின் வேலை. பழைய டர்போக்கள் பலவற்றில் பூஸ்ட்டை அடக்கி வைக்கும் ஆக்சுவேட்டரே கிடையாது, திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பம்ப்பில் டீசலைக் கூட்டினால் புகைச்சூடு கூடும், அந்தச் சூட்டில் டர்போ வேகமாகச் சுற்றும், கேஜில் முள் ஏறும். மெக்கானிக் "பூஸ்ட் ஏத்திட்டேன்" என்கிறார். அவர் ஏற்றியது டீசலையும் சூட்டையும்.

ஆக்சுவேட்டர் உள்ள டர்போவில் அதன் ராடை இறுக்கி அழுத்தத்தை நேரடியாகக் கூட்டலாம். சரி, அதில் என்ன கிடைக்கிறது? நம் ஊர் வெயிலில் 40 டிகிரிக் காற்று உள்ளே போகிறது. 1 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கும்போது ஒரு சராசரி டர்போவில் அது 140 டிகிரியை நெருங்கும். 1.5 பாருக்கு ஏற்றினால் 170ஐத் தாண்டும். சூடான காற்று விரியும். கணக்குப் போட்டால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து மொத்த அழுத்தம் கால் பங்கு கூடியும் சிலிண்டருக்குள் போகிற காற்று ஆறில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. அதே வண்டியில் பூஸ்ட்டை 1 பாரிலேயே விட்டு, நல்ல இன்டர்கூலர் போட்டுக் காற்றை 60 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். 1.5 பாரில் கிடைத்ததைவிட அதிகக் காற்று உள்ளே போகும், அதுவும் குளிர்ந்து போகும். கேஜ் காட்டுவது அழுத்தத்தை. எஞ்சினுக்கு வேண்டியது காற்றின் எடை.

அடுத்தது கெட்டி இரும்பு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஆபத்தும் அதிகம். டாடா 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். 2518 என்றால் 25 டன், 180. இரண்டிலும் அதே 5,883 சிசி கம்மின்ஸ் வந்திருக்கிறது. "அதே பிளாக்தானே, 180 தாங்குதே?" என்று கேட்பார்கள். பிளாக் தாங்கும். ஆனால் எஞ்சின் தகட்டில் உள்ள பெயரைப் படிக்க வேண்டும். 6பிடி என்றால் டர்போ மட்டும். 6பிடிஏஏ என்றால் டர்போவோடு காற்றால் குளிரும் இன்டர்கூலரும் உண்டு. கம்பெனிக்காரன் சக்தியைக் கூட்டியபோது காற்றைக் குளிரவைத்தான், அதற்கேற்ப பம்ப்பையும் டர்போவையும் பொருத்தினான். நாம் திருகுவது பம்ப்பின் ஸ்க்ரூவை மட்டும்.

இரும்பு தாங்கட்டும், பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டன் கலவை அதற்கும் கீழேயே இளக ஆரம்பிக்கும். அடியிலிருந்து ஆயிலும் சுற்றிலும் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் அது பிழைக்கிறது. மேலே விரலை விட்டுப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டனை ஷெட்டில் எடுத்துக் காட்டினார்கள். ஓட்டையின் விளிம்பு வெட்டுப்பட்டது போல இல்லை, மெழுகு வழிந்தது போல இருந்தது.

இப்போது செல்போனில் அமெரிக்க வீடியோவையும் காட்டுகிறார்கள்: அதே கம்மின்ஸ் ஐந்து-ஒன்பது (5.9 லிட்டர்), 600 குதிரைத்திறன், சக்கரம் புகைய ஓடுகிறது. 1989இல் அந்த எஞ்சின் டாட்ஜ் பிக்கப்பில் வந்தபோது கம்பெனி கொடுத்தது 160தான். 600 ஆக்கியவன் அந்தச் சக்தியைக் கேட்பது சில நொடிகள், வண்டியோ மூன்று டன்கூட இராது. நம் வண்டி காகிதபுரத்திலிருந்து பேப்பர் ரீல் ஏற்றிக்கொண்டு வரும், இல்லையென்றால் சேலம் தாண்டித் தருமபுரிப் பக்கம் தோப்பூர் மேட்டில் முழு லோடோடு முழு ஆக்சிலரேட்டரில் ஏறும். சூடு ஏறிக்கொண்டே இருக்கும், இறங்க இடைவெளியே கிடைக்காது.

"கரும்புகை வந்தாத்தான் இழுவை" என்கிற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அந்தக் கறுப்பு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய, முழுசாக எரியாத டீசல். மிச்சமாகும் என்று சொன்னவர் சைலன்சரைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். பழைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 எச்.எஸ்.யு. என்று விதி இருக்கிறது, ஆர்.சி.க்கு மாறாக எஞ்சினை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட நம் ஊருக்கு வேறொரு சங்கதி உண்டு. சைலன்சருக்குள் படிந்த கரி, முழு லோடில் கனன்று துணுக்காக வெளியே பறக்கும். சிமெண்ட் லோடு என்றால் சாலையில் விழுந்து அணையும். நம் வண்டியில் பின்னால் இருப்பதோ பட்டாசுப் பெட்டி. தீப்பொறி தடுப்பான் மாட்டியிருக்கிறோம் என்பதற்காகப் பொறியை நாமே உற்பத்தி செய்ய வேண்டுமா? இத்தனைக்கும் பட்டாசு இடத்தை அடைக்கிற லோடு, எடை குறைவு, அதற்குக் கூடுதல் இழுவையே தேவையில்லை.

போன கோடையில் ஒரு வண்டி "இழுக்கவே மாட்டேங்குது" என்று ஷெட்டுக்கு வந்தது. ஓனர் பம்ப்பைத் திருகச் சொன்னார். பெரியவர் ஒருவர் ஸ்பேனரை எடுக்காமல், மேனிஃபோல்டிலிருந்து பம்ப் தலைக்குப் போகிற சிறிய ரப்பர் டியூபை மட்டும் விரலால் வளைத்துக் காட்டினார். உள்வளைவில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. பூஸ்ட் வந்திருக்கிறது என்று பம்ப்புக்குச் சொல்வது அந்த டியூப்தான். அது ஒழுகினால் பம்ப் டீசலைக் கூட்டாது. புது டியூபும் இரண்டு கிளிப்பும் போட்டார்கள். ஏர் ஃபில்டரைத் தட்டியபோது அரைப்படி மண் கொட்டியது. இன்டர்கூலர் ஹோஸில் சோப்பு நுரை தடவினால் ஒரு முனையில் குமிழ். எல்லாம் முடித்ததும் வண்டி இழுத்தது. பூஸ்ட் கூட்ட வேண்டும் என்று வருகிற வண்டிகளில் பல, இருந்த பூஸ்ட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கூட்டத்தான் வேண்டும் என்றால், முதல் செலவு புகைச்சூட்டைக் காட்டும் பைரோமீட்டருக்கு. டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் துளையிட்டு மாட்டுங்கள். நாசிலும் பம்ப்பும் பெஞ்சில் ஏறி காலிபரேஷன் ஆகட்டும். பிறகு இன்டர்கூலர். ஸ்க்ரூ கடைசியில், அதுவும் கால் சுத்து கால் சுத்தாக, ஒவ்வொரு முறையும் லோடோடு மேடு ஏற்றிப் பார்த்துவிட்டு. டிரைவரிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: முள் 650 டிகிரியைத் தொட்டால் மிதிக்காதே, ஒரு கியர் இறக்கு. எஞ்சின் வேகம் கூடும், காற்று கூடும், சூடு இறங்கும். அந்த மேட்டை டாப்பில் ஏறியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர் வண்டியில் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.