வேனைத் தூக்கும் முன் தரையைப் பாருங்கள்



அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பன்னிரண்டு வருடங்கள் கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வீட்டில் ஒரு ஹைஏஸ் வேன் இருக்கிறது, பிழைப்பும் அதில்தான். வாகனத்தை உயர்த்தி வைத்து அடியில் நின்று வேலை செய்ய ஒரு லிப்ட் வேண்டும், அதை வீட்டுக் கராஜிலேயே பூட்ட வேண்டும் என்று மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "கராஜுக்கு மேலே மாடி அறை. உயரம் ஒன்பதரை அடி. சீட்டுக் காசு என் கையில் இருக்கிறது. கொடுப்பதா, வேண்டாமா? கேட்டால், இது ஆம்பிளைகளின் விஷயம், உனக்கென்ன தெரியும் என்கிறார்" என்று முடித்திருக்கிறார்.

முதலில் ஒன்று. இது ஆடம்பரம் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரை இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள்தான் நாம். வேலை தெரிந்தவர் தம் வாகனத்தைத் தம் வீட்டிலேயே திருத்த நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் "ஆம்பிளைகளின் விஷயம்" என்றாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வேனுக்கு அடியில் போவது அவர். அவர் வெளியே வரும்வரை குசினியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பது யார்?

என் நானாவின் கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முந்தியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன் முடித்துவிடலாம் என்று வேனின் பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தினார். ஜக்கை மட்டும் நம்பக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் இரண்டு சீமெந்துக் கற்களை முட்டுக் கொடுத்தார், சுவர் கட்டும் அந்தத் துவாரமுள்ள கற்கள். அரை மணி நேரம் அவை அசையவில்லை. பிறகு பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். மதினி ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கழற்றிய சில்லை வேனுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். வேன் அதன்மேல் இறங்கியதால் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கல் இரும்பைப்போல வளைந்து முன்னறிவிப்புச் செய்யாது. நின்றபடி நிற்கும், ஒரு நொடியில் நொறுங்கும்.

அன்றிலிருந்து எந்த வாகனம் உயர்ந்து நின்றாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எதன்மேல் நிற்கிறது? லிப்ட் வாங்குவதிலும் அதே கேள்விதான். கடைக்காரர் மோட்டாரைக் காட்டுவார், நிறத்தைக் காட்டுவார், நான்கு தொன் தூக்கும் என்பார். உங்கள் வீட்டுத் தரையைப் பற்றி அவர் பேசமாட்டார்.

கராஜ்களில் நாம் காண்பது இரண்டு தூண் லிப்ட். ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டு வாகனத்தைத் தாங்கும். பாரம் கைகளில் ஏறியதும் தூண்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாயவிடாமல் பிடித்திருப்பவை தரையில் இறக்கிய சில அங்கர் போல்ட்டுகளே. ஆகவே தரை நல்ல கொங்கிரீட்டாக, ஆகக் குறைந்தது நான்கு அங்குலத் தடிப்பாக இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். லிப்டைப் பொறுத்து ஆறு அங்குலமும் அதற்கு மேலும் கேட்பதுண்டு. மேலே பூசிய சீமெந்தும் ஒட்டிய டைல்ஸும் கணக்கில் சேராது. போல்ட்டுகள் தரையின் ஓரத்துக்கோ வெடிப்புக்கோ கிட்ட வரவும் கூடாது.

நம் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்துக்கு என்ன போட்டோம் என்பது மேசன் பாஸுக்கே இப்போது ஞாபகம் இராது. ஒரு மூலையில் துளையிட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டு அடியில் கொளுவிப் பார்த்தால் தடிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை. போதாவிட்டால் தூண் வரும் இடங்களை வெட்டியெடுத்து, லிப்டோடு வரும் புத்தகத்தில் உள்ள அளவுக்குப் புதிதாகக் கொங்கிரீட் போட வேண்டும். போட்டபின் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றி, 28 நாட்கள் பொறுக்க வேண்டும். பாஸ் ஒரு வாரம் போதும் என்பார். கேட்காதீர்கள்.

அடுத்தது உயரம். இதற்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். சாதாரண ஹைஏஸ் ஏறத்தாழ ஆறரை அடி. அடியில் ஒரு மனிதர் நிமிர்ந்து நிற்க இன்னும் ஆறடியாவது வேண்டும். பன்னிரண்டரை ஆயிற்று. சகோதரியின் கராஜோ ஒன்பதரை அடி. மூன்றடி தூக்கும்போதே வேனின் கூரை மாடியில் முட்டும். சிறிய காருக்கும் அங்கே இடம் போதாது. எனவே இரண்டு தூண் லிப்ட் அந்தக் கராஜுக்கு ஆகாது. நான்கு தூண் லிப்டில் சில்லுகள் தட்டின்மேல் நிற்கும், தரைக்குப் பாரம் பரவும், பயமும் குறைவு. ஆனால் கூரை கூரைதானே.

கத்தரிக்கோல் வடிவில் விரிந்து எழும் தாழ்வான லிப்ட் ஒன்று உண்டு. மூன்று நான்கு அடிதான் தூக்கும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து பிரேக், சில்லு, ஷொக் எல்லாம் பார்க்கலாம். நடுப்பகுதியை அதன் கால்களே மறைப்பதால் கியர்பொக்ஸ் இறக்குவது சிரமம். வேனுக்குப் பொருத்தமான தாங்குமிடம் அதில் உண்டா என்று வண்டியையே கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. அவர்கள் வீட்டுக்கு இதுதான் ஒத்துவரும் என்பது என் எண்ணம். பின்வளவில் உயரமான கொட்டில் போட்டு இரண்டு தூணை வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் கடற்காற்று அடிக்கும் ஊர். கம்பிக் கயிறும் போல்ட்டும் துருப்பிடிக்கிறதா என்று ஓயாமல் பார்க்க வேண்டிவரும்.

சிலர் குழி வெட்டலாம் என்பார்கள். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். மாரியில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் உள்ள வீடு வேறு.

வாங்கும்போது சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். ஐரோப்பாவில் வாகன லிப்டுக்கென்று ஈஎன் 1493 என்ற தரம் இருக்கிறது, அமெரிக்காவில் ஏஎல்ஐ சான்று இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கான பத்திரத்தைக் கேளுங்கள். பழைய கராஜிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைத்தால், கம்பிக் கயிறுகளையும் ஒயில் குழாய்களையும் மாற்ற வேண்டியிருக்கும். கழற்றிய அங்கர் போல்ட்டை மறுபடி பாவிக்கவே கூடாது. மோட்டாருக்குத் தனி வயர், எர்த், ட்ரிப் சுவிட்ச் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கில் கொளுவுகிற வேலை இல்லை இது. தரை, கரண்ட், பூட்டும் கூலி எல்லாம் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பூட்டு. லிப்டை உயர்த்துவது ஒயிலின் அழுத்தம், ஆனால் அடியில் போகும்போது வாகனம் நிற்க வேண்டியது இரும்புப் பூட்டின்மேல். ஏறும்போது டக், டக் என்று சத்தம் கேட்கும். வேண்டிய உயரம் வந்ததும் சற்று இறக்கி இருபக்கப் பூட்டிலும் உட்கார வைத்த பிறகே அடியில் போகலாம். பூட்டில் உட்கார்ந்ததை இறக்க முதலில் கொஞ்சம் உயர்த்தியாக வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாம் இதை மறக்கலாகாது; வேன் மேலேயே நிற்கும், பூட்டின்மேல் நிற்பதால் ஆபத்தில்லை. ஹைஏஸின் எஞ்சின் முன் ஆசனங்களின் கீழ் இருக்கிறது. பின்னால் அரிசி மூடை கிடந்தால் பாரத்தின் நடு மாறிவிடும். சாமானை இறக்கி, நான்கு அங்குலம் உயர்த்தி, வேனை ஆட்டிப் பார்த்த பிறகு மேலே போகட்டும்.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: காசைக் கொடுங்கள், ஆனால் ஒரே தரத்தில் அல்ல. இப்போதைக்கு நல்ல ட்ரொலி ஜக் ஒன்று, வேனின் பாரத்துக்கேற்ற இரும்பு ஸ்டாண்ட் நான்கு. இவை லிப்ட் வந்த பிறகும் வீண்போகா. பிறகு தரையைத் துளையிட்டுப் பார்த்து, வேண்டுமானால் புதிதாகப் போடுவது. லிப்ட் கடைசியில்.

அது வந்து பூட்டிய அன்று நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். வுழூவுக்கு இடைஞ்சல் என்று அலுமாரியில் கிடக்கும் கியூடெக்ஸை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். ஒவ்வொரு போல்ட்டின் நட்டிலிருந்து அதன் கீழுள்ள இரும்புத் தகடுவரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட் இளகித் திரும்பினால் கோடு உடைந்து தெரியும். மாதம் ஒருமுறை கராஜைக் கூட்டும்போது குனிந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால், அது இறுக்கிச் சரிபார்க்கப்படும்வரை வேன் தரையிலேயே நிற்கட்டும்.