விளக்கம் சொல்ல வேண்டியது காயமுற்றவர் அல்ல, அரசு

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. காயமடைந்தோரில் எத்தனை பேரின் மூளை பாதிக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேரால் மீண்டும் வேலைக்குத் திரும்ப முடிந்தது என்ற கணக்கு மட்டும் அதில் இல்லை.

தையல் பிரிக்கப்பட்டு, தலையில் முடி வளர்ந்து தழும்பும் மறைந்துவிட்டால், மூளைக் காயம் வெளியாருக்குத் தெரியாது. ஆனால் நினைவாற்றல் குலைந்திருக்கும். பேச நினைத்த சொல் நாவில் வராது. கூட்டமும் இரைச்சலும் தாங்க இயலாதவையாகும். பாதி நாள் உழைப்பிலேயே உடல் சோர்ந்துவிடும். கோபத்தை அடக்கும் திறனும் குறைந்திருக்கும். நுண்ணிய நரம்பிழைகளின் சிதைவு பல நேரங்களில் சிடி ஸ்கேனில்கூடத் தென்படுவதில்லை. “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்” என்ற ஒரு வரியில் சமூகம் தன் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

தள்ளாடி நடப்பவரைக் காவலர் குடிகாரர் என்கிறார். கையெழுத்து மாறிப்போனவரை வங்கி ஊழியர் மோசடிக்காரராகப் பார்க்கிறார். ரகசிய எண்ணை மறந்து ஏடிஎம் முன் தடுமாறுபவரை வரிசையில் நிற்போர் வசைபாடுகின்றனர். சொன்ன வேலையை மறந்தவருக்கு மேஸ்திரி சூட்டும் பெயர் சோம்பேறி. இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லைத் தேடி எடுத்து, கோவையாக அடுக்கி, பொறுமை இழக்காமல் பேசும் ஆற்றலே காயப்பட்டிருக்கும்போது, அந்த ஆற்றலைக் கொண்டுதான் காயத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறார்கள். கால் முறிந்தவரை ஓடிக் காட்டச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இதை மக்களின் அறியாமை என்று சொல்லி, விழிப்புணர்வு வாரம் கொண்டாடிக் கலைவது ஆட்சியாளர்களின் வழக்கம். அறியாமை சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோய் அதில் உண்டு. விபத்தினால் ஏற்படும் மூளைக் காயம் தனி வகையாக இல்லை. கை கால் செயலிழந்தால் உடல் இயக்கக் குறைபாடு என்ற வகையில் சேரலாம். நினைவும் நிதானமும் மட்டும் இழந்தவர் தமக்குப் பொருந்தாத ஏதோ ஒரு வகைக்குள் தம்மைத் திணித்துக்கொண்டு, மருத்துவக் குழுவின் முன் 40 விழுக்காட்டை எட்ட வேண்டும். எட்டாதவருக்கு இட ஒதுக்கீடு இல்லை. அடையாள அட்டையும் இல்லாதவர் தெருவில் எதைக் காட்டுவார்?

உழைப்பாளிக்கு இந்த அநீதி இரட்டிப்பாகிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் கட்டை விரலை இழந்தால் 30 விழுக்காடு, சுட்டு விரல் முழுவதையும் இழந்தால் 14 விழுக்காடு வருவாய்த் திறன் இழப்பு என்று அட்டவணை போட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே விரல் கணக்கே தொடர்கிறது. நினைவாற்றலுக்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்தை மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். சாரத்திலிருந்து விழுந்த ஒப்பந்தத் தொழிலாளி, தான் வேலை செய்ததற்கே சான்று இல்லாத நிலையில், இந்தச் சான்றுக்கு எங்கே போவார்? பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கக் கூடாது என்ற 2016 சட்டத்தின் பாதுகாப்பும் அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. தனியார் முதலாளிக்கும், செயலி வழியே உணவு விநியோகிக்கும் இளைஞரை விரட்டும் நிறுவனத்திற்கும் அந்தக் கடமை இல்லை.

சாலை விபத்தில் சிக்கியோருக்கு ஒன்றிய அரசு 2025இல் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாட்களுக்கு, 1.5 லட்சம் ரூபாய் வரை மட்டுமே. உயிர் காக்க அது தேவைதான். ஆனால் மூளை தேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். எட்டாம் நாளிலிருந்து அந்தச் சுமை மனைவியின், தாயின், மகளின் கூலியில்லா உழைப்பின் மீது இறக்கப்படுகிறது.

மூளைக் காயத்தைச் சட்டத்தின் பட்டியலில் தனி வகையாகச் சேர்க்க வேண்டும். இழப்பீட்டு அட்டவணையில் அதற்கு இடம் அளிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை தோறும் பேச்சுப் பயிற்சியும் மறுவாழ்வுச் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பணிப் பாதுகாப்பைத் தனியார் துறைக்கும் விரிவாக்க வேண்டும். காவலர், வங்கி ஊழியர், நடத்துநர் ஆகியோருக்கு இது குறித்த பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் மாற்றுத்திறனாளர் அமைப்புகளும் இணைந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. கருணை கேட்டு ஒவ்வொரு வரிசையிலும் தனித்தனியே மன்றாடும் நிலைக்கு, உரிமை கேட்டு ஒன்றாக நிற்பதே முடிவு கட்டும்.