துளை விழுந்த விதை



வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் விதைப்பந்து நிகழ்ச்சிகள் களைகட்டிவிடும். பள்ளிகளும் ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் இதில் பங்கெடுக்கின்றன. செம்மண்ணும் சாணமும் பிசைந்து, நடுவே விதை வைத்து உருட்டி, காயவைத்து, ஏரிக்கரைகளில் வீசிவிட்டு வருகிறோம். எத்தனை ஆயிரம் உருட்டினோம் என்பது பதாகையில் பெரிய எழுத்தில் இடம்பெறும். எத்தனை முளைத்தன என்று எழுதிய பதாகையை நான் இதுவரை கண்டதில்லை.

எங்கள் மாணவர்களிடம், உருட்டுவதற்கு முன் விதைகளைத் தட்டில் பரப்பிப் பார்க்கச் சொன்னேன். வாகை விதைகள் பலவற்றில் குண்டூசித் தலை அளவில் வட்டமான துளை. உள்ளே பருப்பே இல்லை. வெறும் தோலும் தூளும்தான். அவற்றைப் பந்தாக உருட்டினால் மண்ணுருண்டை கிடைக்குமே தவிர மரம் கிடைக்காது.

இது விதையுண்ணும் வண்டின் வேலை. வாகை, புளி, கொன்றை, கருவேலம் போன்ற நெற்றுக் காய்க்கும் மரங்கள்தாம் இவ்வகை வண்டுகளின் உலகம். தாய்வண்டு நெற்றின் மேல் முட்டையிடும். பொரிந்த புழு ஊசிமுனையளவு வழியில் விதைக்குள் நுழைந்து, பருப்பைத் தின்று வளரும். உள்ளே அது இருப்பது வெளியே தெரியாது. நம் கண்ணில் படும் பெரிய துளை, அது வெளியேறிய வழி. புளியில் இதன் அடையாளத்தை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். பங்குனியில் ஆண்டுப் புளி வாங்கிக் கொட்டை எடுக்கும்போது தட்டுப்படும் தாள் போன்ற வெளிறிய கூடு, புளி வண்டின் கூடுதான்.

வண்டை நான் குறை சொல்லவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் பொன்மொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதில் வண்டு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் அந்த விருந்தில் அதற்கும் இடமுண்டு என்றே கருதுகிறேன். ஆனால் அந்த நன்மை நட்டவருக்கு உரியது. முளைக்காத விதையை வீசிவிட்டு எண்ணிக்கையை மட்டும் அறிவிப்பதை நடுதல் என்று எப்படிச் சொல்வது?

தாய்மரத்தின் அடியில் குவியும் விதைகளே இத்தகைய பூச்சிகளுக்கு அதிகம் இரையாகின்றன என்று டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1970இல் எழுதினார். நாமோ பெரும்பாலும் மரத்தடியில் கூட்டி அள்ளியதைத்தான் சாக்கில் கட்டுகிறோம். அதுவும் மாசி, பங்குனியில் அள்ளியதை ஐப்பசி வரை வைத்திருக்கிறோம். சாக்குக்குள் வண்டு பெருகுவதற்கு அந்த இடைவெளி தாராளம்.

“அப்படியானால் சீமைக் கருவேலத்தை வண்டு தின்று தீர்க்கக் கூடாதா, உஸ்தாத்?” என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்கக் கண்டத்து மரமான அது, 1877இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலும் இதே இன மரங்கள் பெருகித் தொல்லை தந்தபோது, 1987இல் அவற்றின் பூர்வீக விதை வண்டையே கொண்டுவந்து விட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இல்லை. ஆடுமாடுகள் நெற்றை முந்திக்கொண்டு தின்றுவிட, விதைகள் சாணத்தோடு பரவின. நம் ஏரிக்கரைகளிலும் ஆடுகள் அதைத்தான் செய்கின்றன.

ஆட்டின் இதே பழக்கம் நம் நாட்டுக் கருவேலத்துக்கு உதவி. ஆடு தின்ற விதையின் ஓடு இளகும். உள்ளிருக்கும் இளம்புழுவும் பெரும்பாலும் செத்துவிடும். ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய கருவேல விதை நன்றாக முளைக்கும் என்பது நம் கிராமத்துப் பெரியவர்கள் அறிந்த செய்தி.

ஆகவே இவ்வாண்டு ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். நெற்று முற்றியவுடன் மரத்திலிருந்தே பறியுங்கள். வெயிலில் நன்கு உலர்த்தி, துளையுள்ளவற்றை நீக்கி, மீதியைத் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றையும் ஒதுக்குங்கள். புழு சிறிதாக இருந்தால் விதை மூழ்கவும் கூடும் என்பதால், பத்து விதையை ஈர மண்ணில் இட்டு முளைப்பையும் பாருங்கள். வாகை, கருவேல விதைகளின் மேல் கொதித்து இறக்கிய நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்துவிட்டு இட்டால் முளைப்பு விரைவுபடும். தேறிய விதைகளில் ஒரு பங்கையாவது பையில் நாற்றாக்கி, பள்ளிவாசல் வளாகத்தில் ஓராண்டு வளர்த்து நடலாம். ஒளூச் செய்த நீர் வடிந்து போகும் பக்கமே அதற்குப் போதும். தண்ணீர் ஊற்றும் முறையை மக்தப் பிள்ளைகளே வகுத்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.