பை இல்லாத கங்காரு

போன வாரம் லீவு போட்டுட்டு கொடைரோடு போயிருந்தேன். அக்காவுக்குக் குறைமாசத்துல பொண்ணு. பிறந்தப்ப 1600 கிராம். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தாச்சு. மாமா சட்டையைக் கழட்டிட்டு, நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி பாப்பாவை நெஞ்சோட சேர்த்துத் துணியால கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாப்ள, நாங்கல்லாம் பாத்துக்க மாட்டமா?"ன்னு பெரியம்மா சிரிச்சாங்க. மாமா முகம் சுருங்கிடுச்சு.

இதுக்குப் பேரு கங்காரு தாய் பராமரிப்பு. கங்காருக் குட்டி பிறக்கும்போது சுமார் ஒரு கிராம்தான். தானா ஊர்ந்து பைக்குள்ள போய், காம்பைப் பிடிச்சுக்கிட்டு மாசக்கணக்கா வளரும். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பத்தாதப்போ, டாக்டர் எட்கர் ரே இந்த வழியைக் கொண்டுவந்தார்.

வேற வழியில்லாதவங்க வைத்தியம்னு நினைச்சுடாதீங்க. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. எடை குறைஞ்ச குழந்தைகளுக்குப் பிறந்த உடனே இதை ஆரம்பிச்சதில், 28 நாளுக்குள்ளான இறப்பு 25 சதவீதம் குறைஞ்சிருக்கு.

கங்காருவில் அம்மாவுக்கு மட்டும்தான் பை. நம்மள்ல யாருக்குமே பை இல்லை. நெஞ்சுச் சூடு ரெண்டு பேருக்கும் இருக்கு. ஆனா 2017 சட்டத் திருத்தம் அம்மாவுக்கு 26 வாரம் கொடுத்தது, அப்பாவுக்கு அதுல ஒரு நாள்கூட இல்லை.

ரிலீஸுக்காக ராத்திரி பூரா உட்காருன்னா உட்கார்றோம். குழந்தைக்காக உட்கார்றதுக்கு மட்டும் ஏங்க யாரும் லீவு தரமாட்டேங்கிறாங்க?

மாமாவுக்குத் திங்கட்கிழமை வேலை. அதுக்கப்புறம் அக்கா மட்டும்தான்.