தூர் வாரும் முன் ஆழம் பாருங்கள்

கோடையில் ஏரிக்குள் பொக்லைன் இறங்கும்போது, 'எத்தனை அடி தோண்ட வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கண்மதிப்பில்தான் பதில் வரும். கரையோரம் ஆழக் குழி, நடுவில் மேடு என்று ஏரி அலங்கோலமாவது இப்படித்தான். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும். உங்கள் வயலுக்கு ஒரு சொட்டும் பாயாது. அடியில் உள்ள களிமண் படிவத்தையும் வழித்துவிட்டால், தேங்கும் நீர் மணலில் இறங்கிவிடும்.

ஏரி நிறைந்திருக்கும்போதே, அதாவது வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, சிறு படகில் எக்கோ சவுண்டர் வைத்து ஆழத்தை அளந்துவிடலாம். மீனவர்கள் பயன்படுத்தும் அதே கருவிதான். 12 வோல்ட் பேட்டரி போதும். நீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலி அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைச் சொல்கிறது. ஏரிக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை பொருத்தமானது. நன்னீர், கடல்நீர் என்ற தேர்வு இருந்தால் நன்னீரை வையுங்கள்.

கருவி வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ பெரிய காரியமில்லை. டிரான்ஸ்டியூசரைப் பொருத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள். 10 ஹெக்டேர் ஏரியில் ஆழக்கணக்கு 10 சென்டிமீட்டர் பிசகினால், கொள்ளளவில் 10,000 கனமீட்டர் பிசகுகிறது. ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஒரு போகத்தில் ஏறக்குறைய 12,000 கனமீட்டர் நீர் தேவை. நான்கு விரற்கடைப் பிழை, கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேர் நெல்லுக்கான தண்ணீர்!

ஒலி அலைக்குக் காற்றுக்குமிழிதான் முதல் எதிரி. மோட்டார் படகானால் பின்பலகையில், விசிறியிலிருந்து நன்றாக விலகி, படகின் அடிப்பாகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பொருத்துங்கள். அதன் முகம் நேராகத் தரையைப் பார்க்க வேண்டும். எதிரே ஆணித்தலையோ விளிம்போ இருந்தால் அங்கிருந்து குமிழி கிளம்பும். கெட்டியான பைபர் படகில் உள்புறமாக எபாக்ஸி வைத்து ஒட்டுவதும் உண்டு. பசையில் குமிழி இருக்கக்கூடாது. மரப்படகிலும், இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே நுரைப்பொருள் உள்ள படகிலும் இந்த வழி உதவாது.

ஓரிரு நாள் வேலைக்குப் படகில் துளையிடுவானேன்? ஒரு இரும்புக்குழாயின் அடிமுனையில் கருவியை மாட்டி, படகின் பக்கவாட்டில் செங்குத்தாகக் கட்டுங்கள். குழாய் ஆடாமலிருக்க அதன் கீழ்ப்பகுதியிலிருந்து முன்முனைக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டவேண்டும். பரிசல் சுழலும் என்பதால் தட்டை அடிப்படகே நல்லது. கேபிள் நீளமாக இருக்கிறதென்று வெட்டாதீர்கள். மோட்டார் வயரோடு சேர்த்தும் கட்டாதீர்கள்.

ஆட்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகே, நீர்மட்டத்திலிருந்து கருவியின் முகம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். அது 20 சென்டிமீட்டர், திரையில் 1.80 மீட்டர் என்றால், உண்மை ஆழம் 2 மீட்டர். இந்தக் கூட்டலை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு ஒரு இரும்புத்தட்டைக் கயிற்றில் கட்டி, நீர்மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர், 2 மீட்டர் ஆழங்களில் கருவிக்கு நேர்கீழே தொங்கவிட்டு, கணக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கயிற்றை நனைத்து, இழுத்துப் பிடித்த பிறகு குறி போடுங்கள்.

பாசி அடர்ந்த இடத்தில் கருவி பாசியையே தரை என்று காட்டலாம். முழங்கால் ஆழத்திலும் அதை நம்பமுடியாது. அங்கெல்லாம் மூங்கில் கோலே போதும். சிறிய குட்டைக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை என்பேன். இன்னொன்று: இந்தக் கருவி வண்டலின் மேல்மட்டத்தைத்தான் சொல்லும், அதன் கனத்தை அல்ல. கனம் தெரிய, சில இடங்களில் கம்பியைக் கெட்டித்தரை தட்டும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும்.

காற்று எழும்பாத காலை நேரத்தில், உயிர்காப்பு உடை அணிந்து, கரைக்குக் குறுக்காக வரிசை வரிசையாகச் செல்லுங்கள். அன்றைய நீர்மட்டம் கலிங்கிலிருந்து எவ்வளவு கீழே, மதகின் அடிமட்டம் எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேளாண் உதவி அலுவலர்கள் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து இந்த அளவுகளை வரைபடமாக்கித் தரலாம். தூர் வாரும் மதிப்பீடு தயாராகும் முன்பே அந்த வரைபடம் பொறியாளர் கையில் இருக்கட்டும்.