ஷிஞ்சி கோழையா?

பொம்மைப் படத்தில் உளவியலைத் தேடுவதா என்று ஏளனம் செய்வோரை நான் பொறுத்துக்கொள்வேன். அவர்கள் பார்க்காமல் பேசுகிறவர்கள். பார்த்தால் மனம் மாறக்கூடும். முழுவதும் பார்த்து முடித்துவிட்டு, “கதைத் தலைவன் கோழை, அழுமூஞ்சி, இத்தகையவனை இளையோர் முன் நிறுத்துவது தீங்கு” என்று தீர்ப்பு வழங்குகிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு. அவர்களுள் ஆசிரியர் சிலரும் இருப்பதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

நான் குறிப்பிடுவது ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்’ என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடர். கைனாக்ஸ் நிறுவனம் உருவாக்க, ஹிடெயாகி அன்னோ இயக்கி, 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பானது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகின் பல நாடுகளுக்கும் சென்று சேர்ந்தது. புறக்கதை எளிது: 2015ஆம் ஆண்டில் மூன்றாம் தோக்கியோ என்னும் நகரை விந்தைப் பகைவர்கள் ஒருவர்பின் ஒருவராய்த் தாக்குகின்றனர், அவர்களை எதிர்க்கப் பேருருவப் பொறிகள் உள்ளன, அவற்றை இயக்க வல்லவர்கள் 14 வயதுப் பிள்ளைகள் மட்டுமே. நம் நாட்டுக் கணக்கில் இரண்டாம் படிவ மாணவர்கள்.

புறத்திணைக்குரிய போரைக் காட்டிக்கொண்டே அகத்தைப் பேசுகிற படைப்பு இது. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் என ஒன்று உண்டு. தன்னைத் தானே இழிவாகக் கருதும் அந்த உணர்வையே ஏறத்தாழ 26 பகுதிகளிலும் இழைத்திருக்கிறார்கள். வீரக் கதை பார்க்க வந்தவர்க்கு அது கசப்பதில் வியப்பில்லை.

ஷிஞ்சி இக்காரி யார்? தாய் மறைந்தபின், தந்தை கெண்டோவால் பிறரிடம் விடப்பட்ட சிறுவன். பல்லாண்டுகளுக்குப் பிறகு தந்தை அழைக்கிறார். சென்ற அன்றே, “பொறியில் ஏறு, இல்லையேல் திரும்பிப் போ” என்னும் பொருள்பட ஆணை பிறக்கிறது. சிறுவன் மறுக்கிறான். உடனே, படுகாயத்தோடு கிடக்கும் ரெய் என்னும் சிறுமியைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நீ ஏறாவிட்டால் இவள் ஏறுவாள் என்பது அதன் பொருள். அவளைத் தாங்கிப் பிடித்த தன் கையில் குருதியைக் கண்ட பிறகே அவன் இசைகிறான். இதனைத் துணிவின்மை என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த அறையில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் நின்றிருந்தார்கள்? அவர்களுள் எவர் வாய் திறந்தார்?

பதினெட்டாம் பகுதியை நினைவுகூருங்கள். பகையாக மாறிவிட்ட ஒரு பொறியினுள் தன்னைப் போன்ற பிள்ளை ஒன்று அகப்பட்டிருப்பதை உணர்ந்து, ஷிஞ்சி தாக்க மறுக்கிறான். கொல்வதைவிடத் தான் சாவது மேல் என்கிறான். தந்தையோ அவன் பிடியிலிருந்து பொறியை விடுவித்து, தானாக இயங்கும் முறைக்கு மாற்றி, எதிரே உள்ளதை நொறுக்கச் செய்கிறார். உள்ளே இருந்தவன் உடன் படித்த தோழன் என்பது பிறகே தெரியவருகிறது. மறுத்தவன் கோழையென்றால், நொறுக்கியவர்க்கு என்ன பெயர் சூட்டுவது?

ஆசிரியர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் பதினைந்தாம் பகுதியில் இருக்கிறது. அங்குப் போரும் இல்லை, பொறியும் இல்லை. ஷிஞ்சி தனியே அமர்ந்து செல்லோ என்னும் நரம்புக் கருவியை வாசிக்கிறான். கேட்டுக்கொண்டே வந்த அசுக்கா என்னும் பெண் வியந்து பாராட்டுகிறாள். ஐந்து வயதிலிருந்து பழகியும் இவ்வளவுதான், தனக்குத் திறமை ஏதுமில்லை என்கிறான் அவன். ஆசிரியர் சொன்னதனால் தொடங்கியது அது, விட்டிருக்கலாம். பின் ஏன் விடவில்லை என்று அவள் கேட்கிறாள். நிறுத்தும்படி எவரும் சொல்லவில்லை என்பதே அவன் விடை.

சிரிப்பு வருவதுபோல் எழுதப்பட்ட சிறு உரையாடல்தான். ஆயினும் முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒரு சிறுவன் நாள் தவறாமல் பயில்கிறான். அவனுக்கு அது பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நம் வகுப்பறைகளில் இவனுக்கு என்ன பெயர்? “நல்ல பையன், சொன்னபடி கேட்பான், தொல்லையில்லை.” மதிப்பீட்டு அறிக்கையில் அப்படித்தான் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன்.

தொடரில் வகுப்பறையும் வருகிறது. முதிய ஆசிரியர் ஒருவர், உலகைப் பாழாக்கிய பழைய பேரழிவையும் தாம் வாழ்ந்த ஊரையும் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். மூன்றாம் பகுதியில், அந்தப் பொறியை இயக்குபவன் நீதானா என்று ஷிஞ்சியின் கணினித் திரையில் கேள்வி வருகிறது. ஆம் என்று எழுத்தை அழுத்துகிறான். வகுப்பே எழுந்து அவனைச் சூழ்கிறது, கூச்சல் எழுகிறது. ஆசிரியர் பேச்சை நிறுத்தவில்லை. அவரைத் தீயவராகக் காட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பேசுகிறார், அவ்வளவே. தம் முன்னே ஒரு சிறுவனின் வாழ்க்கை திசைமாறியதை அவர் அறியவேயில்லை.

ஷிஞ்சியைப் பழிப்போர் பெரும்பாலும் அசுக்காவைப் போற்றுவதைக் கண்டிருக்கிறேன். பதினான்கு வயதிலேயே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவள், எதிலும் முதலிடம், துணிச்சல்காரி. எந்தப் பள்ளியும் பரிசளிப்பு விழாவில் மேடையேற்றி மகிழும் பிள்ளை. அவள் கதை தெரிந்தபின் அப்படிப் போற்ற மனம் வருமா? ஆய்வொன்றில் மனம் பிறழ்ந்த தாய், ஒரு பொம்மையைத் தன் மகளென்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். உண்மையான மகளை அறியவில்லை. தான் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியைச் சொல்ல ஓடிவந்த அன்று, சிறுமி கண்டது தாயின் உயிரற்ற உடலை. அன்று முதல் முதலிடம் என்பது அவளுக்கு மூச்சுக்காற்று. தோல்வி தொடங்கியதும் அவள் சரிந்த வேகம் ஷிஞ்சியின் சரிவைக் காட்டிலும் கொடியது. ஒதுங்குகிறவனிடமும் முந்துகிறவளிடமும் இருப்பது ஒரே புண்தான். ஒன்றைக் கண்டிக்கிறோம், மற்றொன்றுக்குப் பதக்கம் தருகிறோம். (ரெய் பற்றி விரித்துரைக்க இடமில்லை, அவள் தனிக் கட்டுரைக்கு உரியவள்.)

இன்னொரு சாராரும் உளர். இவர்கள் தொடரைப் பாராட்டுகிறவர்களே. எனினும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதோடு அமைதி அடைந்துவிடுகிறார்கள். நான்காம் பகுதியில் முள்ளெலியின் இக்கட்டு பேசப்படுகிறது: நெருங்கினால் முள் குத்தும், விலகினால் குளிர் வாட்டும். இது ஷோபன்ஹவர் 1851இல் எழுதியது, பிராய்டு 1921இல் எடுத்தாண்டது என்று குறித்துவிட்டு மகிழ்கிறார்கள். சரி, பிறகு? அப்பகுதியின் முடிவை அவர்கள் பேசுவதில்லை. ஓடிப்போகப் புகைவண்டி நிலையம் வரை வந்தவன் வண்டியேறாமல் நிற்கிறான். அவனைத் தன் வீட்டில் வைத்திருந்த மிசாத்தோ என்னும் அதிகாரி அங்கே வந்து நிற்கிறாள். வீடு திரும்புகிறவர் ‘வந்துவிட்டேன்’ என்பதும், வீட்டிலிருப்பவர் ‘வா’ என்று ஏற்பதும் ஜப்பானியர் வழக்கம். அந்த இரண்டு சொற்கள் மட்டும் பரிமாறப்படுகின்றன. வேறு எவ்வகை மருந்தையும் அப்பகுதி தரவில்லை.

இத்தொடர் இளையோரைச் சோர்வுக்குள் தள்ளும் என்னும் அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். அதற்கு ஓரளவு காரணம் உண்டு. இயக்குநரே நான்காண்டுகள் எதுவும் செய்ய இயலாமல் முடங்கிக் கிடந்ததாகத் தொடரின் தொடக்கக் காலத்தில் எழுதியவர். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மார்ச்சில் தோக்கியோ சுரங்க இரயிலில் நச்சுவாயு வீசப்பட்டது. தொடரின் திட்டம் அவற்றுக்கு முற்பட்டதே. பார்த்தவர்கள் அந்த ஆண்டைக் கடந்து வந்தவர்கள். 1997இல் அதே கோபேயில் சிறுவர் கொலை வழக்கொன்றில் கைதானவனுக்கு வயது 14. ஜப்பான் என்ன செய்தது? குற்றத் தண்டனைக்கு உரிய வயதை 16இலிருந்து 14ஆகக் குறைத்து 2000இல் சட்டத்தைத் திருத்தியது. பதினான்கு வயதைக் கண்டு அஞ்சியவர்களின் விடை அது. எவாஞ்செலியன் அந்த வயதின் உள்ளே சென்று பார்த்தது. இவ்விரண்டில் எதைத் தீங்கென்பது?

குறைகளை மறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பதினான்கு வயதுச் சிறுமியரின் உடலைக் காட்டிப் பார்வையாளரை ஈர்க்கும் காட்சிகள் இதில் உள்ளன. அவை இழிவானவை, உளவியல் என்னும் போர்வையால் மூட இயலாதவை. ஆகவே இதனை மாணவர்க்கு அப்படியே போட்டுக்காட்டுங்கள் என்று நான் பரிந்துரைக்கவில்லை. ஆசிரியர்கள் பாருங்கள் என்கிறேன்.

இறுதி இரு பகுதிகளைப் பற்றியும் பூசல் ஓய்ந்தபாடில்லை. போர் பாதியில் நிற்க, ஷிஞ்சி ஒரு நாற்காலியில் அமர்ந்து தன் மனத்தோடு வழக்காடுகிறான். கோட்டோவியங்களும் அசையாப் படங்களும் வருகின்றன. தயாரிப்புக்குக் காலம் போதவில்லை என்பது உண்மை. ஏமாற்றினார்கள் என்று பலர் கொதித்தெழுந்தனர். முதல் பகுதியிலிருந்து அந்த நாற்காலியை நோக்கித்தானே கதை நடந்தது? எனினும் சுற்றி நின்று எல்லாரும் கைதட்ட அவன் தெளிவடையும் முடிவு எனக்கு உடன்பாடன்று. ஒரு நாளில் தேறும் நோயா அது? 1997இல் வெளியான திரைப்படம் இதைவிட நேர்மையானது. பிறரே இல்லாத, வலியற்ற ஒருமையை அவனுக்கு வழங்குகிறார்கள். புண்படுத்தும் பிறரோடு வாழும் உலகமே வேண்டுமென்று அவன் மறுத்துவிடுகிறான். மீண்டுவந்த கடற்கரையில் அவனை வரவேற்க ஒருவருமில்லை. அருகே அசுக்கா கிடக்கிறாள், அவன் அழுகிறான். அந்த அழுகையைப் பார்த்துவிட்டும் அவனைக் கோழை என்கிறார் என் நண்பர் ஒருவர். அடுத்த முறை சந்திக்கும்போது அவரிடம் கேட்பதாக இருக்கிறேன், அவர் வகுப்பில் செல்லோ வாசிப்பவன் யார் என்று.