‘விண்டேஜ்’ ஜீப் வாங்கப் போறீங்களா? வண்டியை விட ஆர்.சி. புக்கைத்தான் முதல்ல பார்க்கணும்!

புது தார், ஜிம்னி விலையைக் கேட்டுட்டு, ‘அந்தக் காசுக்கு ஒரு பழைய ஜீப்பையே வாங்கி ரெடி பண்ணிக்கலாமே’ என்று யோசிக்கும் இளைஞர்கள் நிறைய. விற்பவர்களும் விடுவதில்லை. 1990-களின் ஜிப்சி, ராணுவத்தில் ஓடிய ஜோங்கா, தாசில்தார் போய்வந்த மஹிந்திரா என எல்லாவற்றுக்கும் ‘விண்டேஜ்’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ஆனால், சட்டத்தில் ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. தவறாகப் புரிந்துகொண்டு வாங்கினால், வாசலில் நிற்பது ரோட்டில் ஓட்ட முடியாத இரும்பாகிவிடும். எண்ணூர் நெட்டுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதியில் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜீப் நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வண்டி இது. 1941-லிருந்து போர் முடியும் வரை வில்லிஸ், ஃபோர்டு என இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைத் தயாரித்தன. இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸிடமிருந்து உதிரிகளாக வரவழைத்து, 1940-களின் கடைசியில் மும்பை மஸகானில் பூட்டத் தொடங்கியது. அந்த வரிசையில்தான் சிஜே3பி, எம்எம்540 எல்லாம் வந்தன.

அதே காலத்தில் வடசென்னையிலும் வண்டி பூட்டினார்கள். 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான் முதலில் தயாரித்தது. அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

ராணுவத்துக்காக ஜபல்பூரில் தயாரான ஜோங்கா, நிஸான் பேட்ரோல் பி60-ஐ அடிப்படையாகக் கொண்டது. மாருதி ஜிப்சி 1985-ல் வந்தது, 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இன்று பழைய ஃபோர் வீல் டிரைவ் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த நான்கைந்து மாடல்களைத்தான் தேடுகிறார்கள்.

திடீர்னு ஏன் கிராக்கி?

பிடிஓ ஜீப், போலீஸ் ஜீப், மின்வாரிய ஜீப்... பழைய ஜீப் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது அரசு வண்டிதான். பல ஆண்டுகள் ஓடிய பிறகு ‘கண்டம்’ செய்து ஏலம் விடுவார்கள். மெக்கானிக்கோ புரோக்கரோ எடுத்து, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து விற்பார்கள்.

துறைமுகம், அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை என்று அரசு நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் ராயபுரம் - எண்ணூர் பெல்ட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஏலக் கதை புதுசு இல்லை.

அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசு விதிப்படி, 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. மத்திய, மாநில அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அந்த வண்டிகள் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத்தான் போகவேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு.

ஆக, ஏற்கெனவே தனியார் கைக்கு வந்து, சரியான பேப்பரோடு இருக்கும் ஜீப்கள் மட்டும்தான் மிச்சம். இனி புதிதாக வருவது குறைவு. விலை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம் சார்’ என்று சொல்லி விற்பவர்கள் கிளம்புவதும் இதனால்தான்.

சட்டப்படி எது ‘விண்டேஜ்’?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. அதன்படி:

• முதல் பதிவு தேதியிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும்.
• வணிகப் பயன்பாடு இல்லாத சொந்த வண்டியாக இருக்கவேண்டும்.
• சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல், தயாரித்தபோது இருந்தபடி பராமரித்திருக்க வேண்டும்.
• புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய்.

முக்கியமான நிபந்தனை இனிமேல்தான். விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். திருவொற்றியூரிலிருந்து தினமும் ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜிப்சி வந்ததே 1985 கடைசியில்தான். முதல் ஜிப்சிக்கே 2035 வரை விண்டேஜ் தகுதி கிடையாது. ‘விண்டேஜ் ஜிப்சி’ என்ற விளம்பரத்துக்குச் சட்டத்தில் அர்த்தமே இல்லை.

அப்போ சாதாரணப் பதிவு?

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வழி. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன்பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். டெல்லியில் இருப்பது போல 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற வயதுத் தடை சென்னையில் இல்லை.

ஆனால் செலவு கூடியிருக்கிறது. கார், ஜீப் வகைக்கு 15 ஆண்டுக்குப் பிறகான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில், 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ரூபாய். ஆர்.சி.யில் ‘இறக்குமதி வாகனம்’ என்று இருந்தால் 80,000 ரூபாய். போர்க்காலத்து ஒரிஜினல் வில்லிஸ் தேடுபவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது.

புதுப்பிக்காமல் விட்ட வண்டி என்றால் இன்னும் சிக்கல். 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம். ஆண்டுக்கு 6,000. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி. ‘ஆர்.சி. லைவ்ல இல்ல, ஆனா ஈஸியா பண்ணிடலாம்’ என்று விற்பவர் சொன்னால், அந்த ‘ஈஸி’க்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் விலை பேசணும்.

இன்ஜின் மாத்தின வண்டி ஓகேவா?

பழைய பெட்ரோல் ஜீப்கள் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். அதனால் பலர் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டைத் திறந்தால் டீசல். இப்படி இருந்தால் புதுப்பிக்கும்போது கேள்வி வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தில் வந்த 182ஏ பிரிவு, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

ஹரியானாவின் மண்டி டப்வாலி மாதிரி ஊர்களில் உதிரிகளைச் சேர்த்துப் புதிதாகவே ஜீப் கட்டித் தருகிறார்கள். போட்டோவில் அட்டகாசமாக இருக்கும். அந்த வண்டியின் ஆர்.சி. எந்த வண்டியுடையது என்பதுதான் கேள்வி.

ராணுவ வண்டி, வெளி மாநில வண்டி

2019-ல் தோனி ராணுவத்துப் பழைய நிஸான் வண்டியில் ராஞ்சியில் சுற்றிய போட்டோக்கள் வைரலான பிறகு இந்த ரக வண்டிகளைப் பலர் விசாரிக்கத் தொடங்கினார்கள். ராணுவத்தில் இருக்கும்வரை அம்புக்குறி போட்ட தனிப் பதிவெண் இருக்கும். வெளியே விற்கும்போது சிவில் பதிவு புதிதாக வாங்கவேண்டும். எனவே ஏலத்தில் எடுத்த ஆவணத்திலிருந்து இன்றைய ஆர்.சி. வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா பாருங்க.

வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்டி, புதிய பதிவெண் வாங்கவேண்டும். குறைந்த விலை என்று பார்த்தது, இந்தச் செலவைச் சேர்த்தால் குறைவாக இருக்காது.

கடல் காத்து என்ன செய்யும்?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது நெட்டுக்குப்பம். இரும்பை வெளியே வைத்தால் உப்புக் காற்று சும்மா விடாது. ஜீப்பின் பாடி துருப்பிடித்தால் வேறு பாடி மாற்றிவிடலாம், தனியாகக் கழற்றக்கூடியதுதான். சேசிஸ் அப்படி இல்லை.

வண்டியின் அடையாளமே சேசிஸ் எண்தான். சட்டத்தில் பொறித்த அந்த எண் உப்பில் அரித்துப் படிக்க முடியாமல் போனாலோ, அந்த இடத்தில் வெல்டிங் தழும்பு இருந்தாலோ, ஆர்.டி.ஓ. ஆய்வில் மாட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது ஊருக்கே தெரியும். அப்படி மூழ்கிய வண்டியில் சேசிஸ் குழாயின் உள்பக்கம்தான் முதலில் அரிக்கும். புதுப் பெயின்ட், கனமான பட்டி வேலை இருந்தால் சந்தேகப்படுங்க.

வாங்கும் முன் என்ன செய்யணும்?

• பதிவெண்ணை ‘பரிவாகன்’ தளத்தில் போட்டுப் பாருங்க. 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் வண்டிகள் சில அதில் ஏறியிருக்காது. ஏற்றித் தரும் வேலையை விற்பவரே முடிக்கட்டும்.
• சேசிஸ் எண் மீது பேப்பர் வைத்து, பென்சிலால் தேய்த்து அச்செடுங்க. ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்க. இன்ஜின் எண்ணையும் அப்படியே.
• சேசிஸின் அடியில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்க. மொத்தச் சத்தம் வந்தால் உள்ளே துரு.
• ஃபோர் வீல் கியர், லோ கியர் இரண்டையும் மண்ணில் போட்டு ஓட்டிப் பாருங்க. தார் ரோட்டில் தெரியாது.
• பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க.

உதிரி பாகத்துக்குக் கவலை இல்லை. கியர்பாக்ஸ் முதல் ஹெட்லைட் வளையம் வரை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். மெக்கானிக்கும் கிடைப்பார். சந்தையில் காசு கொடுத்து வாங்க முடியாத ஒரே பாகம், சுத்தமான ஆர்.சி. மட்டும்தான். அது கைக்கு வந்த பிறகு பெயின்ட் கலரை முடிவு பண்ணிக்கலாம்.